முதலாந் தரத்துக்கு யாரை விடுகிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வொரு முறையும் இலங்கையின் வடக்கே வன்னியின் பாடசாலை வாயில்களில் பதாகைகள் எழும்புகின்றன. வெட்டுப்புள்ளியை, அதாவது தெரிவாவதற்கு வேண்டிய குறைந்தபட்சப் புள்ளியை, தாண்டிய இரண்டு மூன்று பிள்ளைகளின் படங்கள் அவற்றில் இருக்கும். அதே வகுப்பில் இருந்த ஏனைய இருபது பேர் என்ன ஆனார்கள் என்று அதிபரிடமோ வலயக் கல்வி அலுவலகத்திடமோ எவரும் கேட்பதில்லை. துணுக்காய்ப் பகுதியில் நீண்டகாலம் ஆரம்பப் பிரிவில் கற்பித்து ஓய்வுபெற்றவள் என்ற வகையில், அந்த இருபது பேரைப் பற்றியே எழுதுகிறேன்.

சிறிய பாடசாலை ஒன்றில் நான்காம் தரத்தில் எனக்கு ஒரு மாணவன் இருந்தான். தமிழ்ப் புத்தகத்தில் எந்தப் பாடத்தைத் திறந்து கொடுத்தாலும் தடங்கலின்றி வாசிப்பான். ஒரு நாள் அவனுடைய சுட்டுவிரல் இரண்டாம் வரியில் நிற்க, வாய் நான்காம் வரியைச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கண்டேன். மதிய உணவுக்கு வந்திருந்த பருப்புப் பையில் அச்சிட்டிருந்ததைக் காட்டி வாசிக்கச் சொன்னபோது, முதல் எழுத்துடன் நின்றுவிட்டான். வீட்டில் அக்கா உரத்து வாசிப்பதைக் கேட்டுப் புத்தகம் முழுவதையும் மனனம் செய்திருந்தான். பழைய வரவு இடாப்புகளைப் புரட்டியபோது, ஒவ்வொரு மாசி மாதமும், அதாவது தாய் காலபோக நெல் அறுவடைக்குக் கூலிக்குச் செல்லும் நாட்களில், தம்பியைப் பார்த்துக்கொள்வதற்காக அவன் வாரக்கணக்கில் வீட்டில் நின்றது தெரியவந்தது. ஏழு மாதங்களாக அவனுக்குக் கற்பித்துவந்த எனக்கே அது தெரியாமல் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இப்படியான பிள்ளைக்கு வீட்டில் உதவ ஆள் இல்லை. போர் முடிந்த 2009 இல் பத்து, பன்னிரண்டு வயதில் இருந்தவர்கள்தான் இன்று ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் பலரின் பெற்றோர். இடப்பெயர்விலும், இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாம்களிலும் தமது படிப்பை இழந்தவர்களிடம், பிள்ளையின் வீட்டுவேலையைப் பாருங்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்லி அனுப்புவது எனக்கு எப்போதும் கூச்சமாகவே இருந்தது. ரியூசனுக்குக் கொடுக்கப் பணமும் இல்லை.

ஆகவே பிள்ளைக்குக் கிடைக்கக்கூடியது பாடசாலை ஒன்றுதான். அங்கும் நல்ல ஆசிரியர் என்று பெயரெடுத்தவரை ஐந்தாம் தரத்துக்குக் கொடுத்துவிட்டு, புதிதாக நியமனம் பெற்றவரையோ இடமாற்றக் கடிதத்துக்குக் காத்திருப்பவரையோ முதலாந் தரத்தில் விடுவது எழுதப்படாத வழக்கமாக இருக்கிறது. பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பாடசாலை விட்டபின் வேறாக நடத்தும் பரிகாரக் கற்பித்தல் என்பது ஆவணங்களில் உண்டு. ஆனால் பாடசாலை ஒன்றரை மணிக்கு விட, யாழ்ப்பாணத்திலிருந்து நாளாந்தம் வந்துபோகும் ஆசிரியர் அதே நேரத்துக்குச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டியிருக்கிறது. அதிகாலை நாலரைக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டவரை அதற்காகக் குறைசொல்ல நான் தயாரில்லை. அந்த வகுப்பைப் பாடசாலை நேரத்துக்கு வெளியே வைத்ததுதான் தவறு.

பின்தங்கிய நிலையை அரசு அங்கீகரிக்கவில்லை என்றும் கூற முடியாது. பல்கலைக்கழகங்களின் பல கற்கைநெறிகளுக்கான அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், மேலும் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் ஒதுக்கப்படுகின்றன. வன்னியின் நான்கு மாவட்டங்களும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளன. இந்த ஒதுக்கீட்டால் எங்கள் பிள்ளைகள் பலர் மருத்துவராகவும் பொறியியலாளராகவும் வந்திருக்கிறார்கள். அது தொடர வேண்டும். ஆயினும் அது உயர்தரப் பரீட்சை வரை தாக்குப்பிடித்தவர்களுக்கான கதவு. எழுத்துக்கூட்டத் தெரியாமல் நான்காம் தரத்துக்கு வந்த மாணவன் அந்தக் கதவைக் காணப்போவதே இல்லை.

இங்கிலாந்தில் 2011 முதல், இலவசப் பாடசாலை உணவுக்குத் தகுதியுள்ள பிள்ளைகளின் எண்ணிக்கைக்கேற்பப் பாடசாலைகளுக்கு மேலதிக நிதி வழங்கப்படுகிறது. அதை எதற்குச் செலவிட்டோம் என்பதை ஒவ்வொரு பாடசாலையும் பகிரங்கமாக வெளியிட வேண்டும். அங்கும் வசதியுள்ள பிள்ளைக்கும் இல்லாத பிள்ளைக்கும் இடையிலான இடைவெளி மூடிவிடவில்லை. இருந்தும் இந்தப் பிள்ளைக்காக நீங்கள் என்ன செய்தீர்கள் என்ற கேள்வி அதிபரிடம் ஆண்டுதோறும் கேட்கப்படுகிறது. எங்கள் மாகாணத்திடம் அவ்வளவு பணம் இல்லை என்பதை அறிவேன். நான் கேட்பவற்றுக்குப் பெரும் பணம் தேவையும் இல்லை.

அனுபவமுள்ள ஆசிரியரை முதலிரு தரங்களுக்கு அமர்த்தி, குறைந்தது இரண்டு ஆண்டுகள் அதே பிள்ளைகளுடன் நிற்க விடுங்கள். வாசிக்கத் தடுமாறும் நான்கைந்து பேரை நாளுக்கு அரை மணித்தியாலம், காலையில், பாடசாலை நேரத்துக்குள்ளேயே வேறாக இருத்திக் கற்பிப்பதற்கு நேரசூசியில் இடம் கொடுங்கள். யார் வறிய பிள்ளை என்று அறிய, அரசின் நலன்புரி உதவித் திட்டமான அஸ்வெசும பட்டியலை மட்டும் நம்ப வேண்டாம். அதில் விடுபட்டவர்கள் ஏராளம், வகுப்பாசிரியரைக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். மாசியில் வராத பிள்ளையின் வீட்டுக்குப் பங்குனியில் அல்ல, அந்த வாரமே ஒருவர் போக வேண்டும்.

இவற்றோடு, முதலாந் தவணை முடிவில் ஒவ்வொரு பாடசாலையிலும் மூன்றாந் தரப் பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து, அவர்கள் முன்பு கண்டிராத ஒரு பந்தியை வாசிக்கச் செய்து, முடியாதவர்களின் பெயர்களை எழுத வேண்டும். அந்தப் பட்டியலைப் பதாகையில் போட வேண்டியதில்லை. கோட்டக் கல்வி அலுவலகத்தின் மேசைக்குப் போய், அடுத்த தவணையில் எத்தனை பெயர்கள் அதிலிருந்து வெட்டப்பட்டன என்று யாராவது கேட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியை,
துணுக்காய்.