கேள்வித்தாளை இப்போது அனுப்பாதே

லீட்ஸ்,
டிசம்பர் 3

அன்புள்ள தம்பி,

நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. பேராசிரியரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம். நமக்கு எங்கே வாயில் வருகிறது!

எம்பிஏ ப்ராஜெக்டுக்குக் கேள்வித்தாள் தயார், வாட்ஸ்அப்பில் விடப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். பொறு. இங்கே யாரிடமும் ஒரு கேள்வி கேட்பதற்கு முன்னால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். யாரிடம் கேட்கிறாய், எதற்கு, பதில்களை எங்கே வைப்பாய், எப்போது அழிப்பாய், வேண்டாம் என்பவர் எப்படி விலகுவார், எல்லாம் எழுதித் தர வேண்டும். வெறும் காகித வேலை என்று தோன்றும். ஆனால் அதை நிரப்ப உட்கார்ந்தால்தான் நம் ஆய்வுக் கேள்வி எவ்வளவு கொழகொழவென்று இருக்கிறது என்று தெரிகிறது. "ஊழியர் திருப்தி" என்பது தலைப்பு. "ஷிஃப்டைத் தாங்களே தேர்ந்தெடுக்கிறவர்களிடம் வேலையை விடும் எண்ணம் குறைவா?" என்பது கேள்வி. எந்த இரண்டை அளக்க வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது.

உன் 14ஆவது கேள்வியைப் பார்: "சம்பளமும் மேலாளரின் நடத்தையும் திருப்தியாக உள்ளதா?" சம்பளம் பிடித்து, மேலாளரைப் பிடிக்காதவர் எங்கே டிக் அடிப்பார்? 1 முதல் 5 வரையில் நடுவில் இருக்கும் 3-ஐப் போட்டுவிட்டுப் போவார். அந்த 3-ஐ வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாக உடை.

"மேலாளர் என் பேச்சைக் கேட்பதில்லை" என்று ஒன்றை எதிர்மறையாக வைத்திருப்பது நல்லதுதான். ஆனால் கணக்குப் போடும் முன் அந்த மதிப்பெண்ணை 6-லிருந்து கழித்துத் திருப்பிப் போடு: 5 என்றால் 1, 4 என்றால் 2. மறந்தால் கிரான்பாக் ஆல்ஃபா, அதாவது ஒரே விஷயத்தை அளக்கும் கேள்விகளின் பதில்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண், சரிந்துவிடும், சில சமயம் மைனஸில்கூடப் போகும். பொதுவாக 0.7 வந்தால் போதும் என்பார்கள். அது வரவில்லையே என்று நல்ல கேள்விகளைத் தூக்கிப் போடுகிறவர்கள் நிறையப் பேர்.

384 பேர் வேண்டும் என்று யாரோ சொன்னார்களாமே. அது ரொம்பப் பெரிய கூட்டத்துக்கு, 95 சதவீத நம்பிக்கையில், 5 சதவீதப் பிழைக்கு. அதாவது இப்படி நூறு தடவை ஆய்வு செய்தால் சுமார் 95 தடவை முடிவு உண்மையிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் விலகாது. உன் கம்பெனியில் 500 பேர்தான், அதற்கு 217 போதும். ஆனால் 500 பேருக்கும் அனுப்பி 30 சதவீதம் பேர் பதில் போட்டால் கையில் இருப்பது 150. பிழை 6.7 சதவீதத்துக்கு ஏறும். அதுவும் பதில் போட்டவர்கள் குலுக்கல் முறையில் எடுத்தவர்கள் மாதிரி இருந்தால்தான் இந்தக் கணக்கே. வாட்ஸ்அப் குழுவில் விட்டால் வருவது உன் நண்பர்களும் அவர்களின் நண்பர்களும். அப்போது 217-க்கும் 150-க்கும் ஒரு மதிப்பும் கிடையாது. குலுக்கி எடுக்க ஹெச்.ஆரிடம் ஊழியர் எண் பட்டியல் மட்டும் கேள், பெயர் வேண்டாம்.

முதலில் பத்துப் பேரிடம் கொடுத்து நிரப்பச் சொல், பக்கத்தில் உட்கார்ந்து பார். எந்த வரியில் பேனா நிற்கிறதோ, அதைக் குறித்து எனக்கு அனுப்பு.

பார்சலில் இட்லிப் பொடி வந்து சேர்ந்தது. அடுத்த முறை டப்பாவை டேப் போட்டு ஒட்டச் சொல்.

அன்புடன்,
அக்கா