செவ்வாயில் தேங்காய் உடைத்தால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு பதிப்பில் அறிவியல் புனைகதைகளுக்கு இடம் ஒதுக்க ஆரம்பித்திருக்கிறீர்கள், அதற்கு முதலில் நன்றி. ஒன்று விடாமல் படித்து வருகிறேன். அந்தப் பக்கத்தின் முன்னுரையில், இந்த வகைக் கதை எழுத அறிவியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை, கற்பனை இருந்தால் போதும் என்று எழுதியிருந்தீர்கள். புதியவர்கள் பயப்படாமல் எழுத வரட்டும் என்ற நல்ல எண்ணத்தில் சொன்னது என்று புரிகிறது. ஆனாலும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இந்தக் கதைகளில் கற்பனைக்குத் தீனி போடுவதே அறிவியல்தான்.

வந்த கதைகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி இருந்தன. 2150 என்று ஆரம்பிக்கிறது, வீட்டுக்குள் ரோபோ, வெளியே பறக்கும் கார், ஆனால் அந்த வீட்டில் இருப்பவர்கள் பேசுவது, பயப்படுவது, கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பது எல்லாம் இன்றைக்கு இருப்பது போலவே இருக்கிறது. பறக்கும் கார் வந்துவிட்டால் பினாங்குப் பாலம் என்ன ஆகும், அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்தில் வீட்டு விலை என்ன ஆகும், தீவுக்குள் வேலைக்கு வருகிறவர் வீட்டுக்கு எத்தனை மணிக்குத் திரும்புவார், இதை எந்தக் கதையும் கேட்கவில்லை. ஒன்றை மாற்றினால் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் பத்து விஷயங்கள் மாறும். அந்தப் பத்தையும் விடாமல் துரத்திப் போவதுதான் இந்தக் கலை என்பது என் எண்ணம்.

நம் மலேசியாவிலேயே இதற்கு அருமையான உதாரணம் இருக்கிறது. 2007 அக்டோபர் 10ஆம் தேதி நம் விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முஸாபர் ஷுக்கோர் கஸகஸ்தானின் பைக்கானூர் ஏவுதளத்திலிருந்து சோயுஸ் விண்கலத்தில் கிளம்பி விண்வெளி நிலையத்துக்குப் போனார். அப்போது ரமலான் மாதம். அந்த நிலையமோ ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது, ஒரு நாளில் சுமார் 16 முறை சூரியன் உதிக்கிறது. அப்படியானால் ஐந்து வேளைத் தொழுகையை எந்த விடியலிலிருந்து கணக்கிடுவது, தொழும்போது நோக்க வேண்டிய கிப்லா திசை எந்தப் பக்கம்? நம் நாட்டு மார்க்க அறிஞர்கள் உட்கார்ந்து யோசித்து ஒரு வழிகாட்டியே வெளியிட்டார்கள். கிளம்பிய இடத்தின் நேரப்படி 24 மணி நேரத்துக்கு ஐந்து வேளை, திசையை முடிந்த அளவுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். அவர்கள் கதை எழுத உட்காரவில்லை, உண்மையான ஒரு மனிதரின் உண்மையான தேவைக்காக யோசித்தார்கள். ஆனால் ஒரு நல்ல அறிவியல் கதாசிரியர் செய்ய வேண்டிய வேலையும் இதேதான்.

சரி, இதே கேள்வியை நம் பக்கம் திருப்புவோம். செவ்வாய்க் கிரகத்தில் தைப்பூசம். அங்கிருந்து பார்த்தாலும் நட்சத்திரக் கூட்டங்கள் இங்கே தெரிவது போலத்தான் தெரியும், ஆனால் நம் நிலா பூமிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. செவ்வாய்க்கு என்று இருக்கும் இரண்டு நிலாக்களில் போபோஸ் ஏழரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொண்டு ஒரு சுற்று முடித்துவிடும், அதனால் மேற்கே உதித்துக் கிழக்கே மறையும். அப்படியிருக்க எந்தப் பௌர்ணமி? அங்கே ஒரு நாள் என்பது நம் நாளைவிட ஏறக்குறைய 40 நிமிடம் நீளம், ஆகவே பினாங்கு நாட்காட்டியை வைத்துக் கொண்டாடினால் ஐந்து வாரத்துக்கு ஒரு நாள் என்று தள்ளிக்கொண்டே போகும். அங்கேயே பிறந்த பிள்ளைகள் எதற்குப் பினாங்கு தேதி என்று கேட்பார்கள். கோயில் கமிட்டிக் கூட்டத்தில் சண்டை வரும். பார்த்தீர்களா, கதை வந்துவிட்டது.

காவடியை எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வாயின் ஈர்ப்பு நம்முடையதில் 38 சதவீதம்தான். 30 கிலோ காவடி தோளில் 11 கிலோ போலத்தான் அழுத்தும், யார் வேண்டுமானாலும் தூக்கலாம். ஆனால் எடைதான் குறைகிறது, நிறை குறையவில்லை. உறுமி மேளம் வேகம் பிடித்து, எடுப்பவர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நிற்கப் பார்த்தால் காவடி நிற்காது, தரையில் காலுக்குப் பிடிப்பும் குறைவு, ஆளையே இழுத்துக்கொண்டு போகும். அங்கே காவடி ஆட புதிதாகப் பழக வேண்டும். பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு முப்பது வருடம் காவடி எடுத்த ஒரு பெரியவர் அங்கே போய், பதினாறு வயதுப் பையனிடம் கால் வைக்கக் கற்றுக்கொள்கிறார் என்று வையுங்கள்.

அப்புறம் தேங்காய். ரதம் வரும்போது நாம் இங்கே மலை மலையாகக் குவித்து உடைக்கிறோம். அங்கே அதே வேகத்தில் எறிந்தால் சில்லு இரண்டரை மடங்குக்கு மேல் தூரம் பறக்கும், அது ஒரு பக்கம். முக்கியமானது, அங்கே ஒரு தென்னையை வளர்க்கவே மூடிய கூடாரம், தண்ணீர், விளக்கு எல்லாம் வேண்டும். பிள்ளை பிழைத்தால் 108 தேங்காய் உடைக்கிறேன் என்று அங்கே ஒரு தாய் வேண்டிக்கொண்டால் அவள் என்ன செய்வாள்? கமிட்டி ஊருக்கே ஒரு தேங்காய் என்று முடிவு செய்திருக்கிறது. நேர்த்திக்கடன் பாக்கி நிற்கிறது. பினாங்கில் இருக்கும் தன் அம்மாவுக்குச் செய்தி அனுப்புகிறாள். இரண்டு கோளும் தூரமாக இருக்கும் காலத்தில் ஒரு வார்த்தை போய்ச் சேரவே 22 நிமிடம் வரை ஆகும். "பசியாறிட்டியா" என்று அம்மா கேட்டதற்கு பதில் வர முக்கால் மணி நேரம். இப்படிப் பேசிப் பழகிய தாயும் மகளும் எப்படிப் பேசுவார்கள், எதைச் சொல்லாமல் விடுவார்கள்? இதையெல்லாம் எனக்குக் கொடுத்தது அந்த 38 சதவீதமும் 22 நிமிடமும்தான்.

இதற்காகக் கதைக்குள் பாடம் நடத்தச் சொல்லவில்லை. விஞ்ஞானி தன் உதவியாளருக்கு மூன்று பத்தி விளக்கம் கொடுக்கும் இடத்தில் நானே பக்கத்தைத் தள்ளிவிடுவேன். எழுத்தாளர் சுஜாதா பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக வேலை பார்த்தவர், ஆனால் அவருடைய கதையில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாய்க்குள் என்ன சர்க்யூட் இருந்தது என்று நாம் ஞாபகம் வைத்திருக்கவில்லை, அது பேசிய பேச்சைத்தான் வைத்திருக்கிறோம். கணக்கு எழுதுபவரிடம் இருக்க வேண்டும், கதையில் தேங்காய் பறந்தால் போதும்.

இன்னொரு மனக்குறை. நம் கதாநாயகர்கள் ஏன் எப்போதும் அமெரிக்காவுக்குப் போயே கண்டுபிடிக்கிறார்கள்? 1972 முதல் இங்கே பினாங்கிலேயே, பாயான் லெப்பாஸில், மின்னணுச் சில்லுத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து இணைத்த அக்காமார்கள் நம் தாமான்களில், அதாவது குடியிருப்புகளில், இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக் கதையில் இன்னும் நான் பார்க்கவில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இப்போது ஒரு கதைக்கு அரைப் பக்கம் தருகிறீர்கள். அதில் ரோபோவை அறிமுகப்படுத்தவே இடம் சரியாகப் போய்விடுகிறது, அது வந்ததால் வீட்டில் என்ன ஆனது என்று எழுத இடம் இல்லை. ஒரே கதையை இரண்டு வாரமாகப் பிரித்துப் போடுங்கள். முதல் வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் நடுவில், இது இப்படி நடக்காதே, அப்படித்தானே நடக்கும் என்று வாசகர்கள் எழுதும் கடிதங்களில் இரண்டு மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். முதல் கடிதம் நான் எழுதுகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு