உன் பொண்ணு குட்டியோட கண்ணு விஷயமா எழுதறேன்

தம்பி, போன்ல சொன்னா நீ சரிம்மா சரிம்மான்னு வச்சுருவ, அதான் எழுதறேன், முழுசா படி சாமி.

போன வாரம் தங்கச்சிய கோயம்புத்தூர் கண் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போனேன், கோத்தகிரில இருட்டோட பனியில நின்னு மொத பஸ்ஸ புடிச்சு. அவளுக்கு கண்ணு மணி நடுவுல இல்லாம மூக்குப் பக்கமா ஒதுங்கி கோணலா இருக்கும்ல, கிரகணத்தப்ப நான் வெளிய வந்ததாலதான்னு உங்க பாட்டி சாகற வரைக்கும் சொன்னாங்க, நானும் நம்பிட்டு 24 வருஷம் அழுதிருக்கேன்.

டாக்டரம்மா மெஷின்ல தாடைய வெக்கச் சொல்லி ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறம் பல்ல காட்டச் சொன்னாங்க, எனக்கு ஒன்னும் புரியல. மேல முன்னாடி ரெண்டு பல்லு மொளைக்கவே இல்லயே, மத்ததும் அரிசியாட்டம் சிறுசு. தொப்புளையும் பார்த்தாங்க, அந்த தோலு தடிச்சு நீட்டிட்டு இருக்குமே, மருத்துவச்சி கொடிய ஒழுங்கா கட்டலன்னு இத்தன நாளா அந்தம்மாவ மனசுல திட்டிட்டு இருந்தேன், பாவம். மூணும் ஒரே வியாதியாம். ஆக்சன்ஃபெல்ட் ரீகர்னு பேரு, எழுதி வாங்கிட்டு வந்தேன். வயித்துல இருக்கறப்பவே கண்ணோட முன்பக்கம் சரியா உருவாகறதில்ல, ஜீன்ல வர்றது, அப்பா அம்மால ஒருத்தருக்கு இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

அப்பதான் உங்கப்பா ஞாபகம் வந்துச்சு. அவருக்கும் பல்லு கம்மி. கொழுந்து எடை போடற இடத்துல தராசு முள்ளு தெரியலன்னு சொன்னாரு, காட்டின எடத்துல கண்ணாடி போட்டா சரியாயிரும்னு அனுப்பிட்டாங்க, அப்ப அவருக்கு 42 வயசு. கண்ணுக்குள்ள ஊறுற தண்ணி வெளிய போற வழி இந்த வியாதில சரியா அமையாதாம், ப்ரெஷர் ஏறி நரம்பு கொஞ்சங் கொஞ்சமா சாகும், க்ளௌகோமா. வலிக்கவே இல்ல அவருக்கு. இந்த வியாதி இருக்கறவங்கள்ல பாதிப் பேருக்கு க்ளௌகோமா வருமாம், போன பார்வை திரும்பாது, ஆனா முன்னாடியே பார்த்தா சொட்டு மருந்து, ஆபரேஷன்னு காப்பாத்திக்கலாம். தங்கச்சிக்கு ப்ரெஷர் இப்பதான் ஏற ஆரம்பிச்சிருக்கு, ராத்திரி சொட்டு விடறேன்.

உனக்கு கண்ணு மணி வட்டமா நேராத்தான் இருக்கு, தெரியும். ஆனா உனக்கும் ரெண்டு பல்லு மொளைக்கல, தொப்புளும் அவள மாதிரியேதான். ஒரே வீட்ல ஒருத்தருக்கு நல்லா தெரியும் இன்னொருத்தருக்கு வெளிய தெரியவே தெரியாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க, கண்ணு மேல ஒரு லென்ஸ் வெச்சு உள்ள பார்த்தாதான் தெரியுமாம்.

இப்ப குட்டி. நீ அனுப்புன வீடியோல வெளிச்சம் பட்டா கண்ண இறுக்கி மூடிக்கறா, தண்ணி வழியுது. கண்ணு எவ்ளோ பெருசு அழகுன்னு எல்லாரும் சொல்றாங்கன்னு மருமக சந்தோஷமா சொல்லுச்சு. சின்னக் குழந்தைக்கு ப்ரெஷர் ஏறுனா கண்ணே விரிஞ்சு பெருசாகும்னு டாக்டரம்மா சொன்னதுலேர்ந்து எனக்கு தூக்கம் இல்ல தம்பி. அது இல்லாமலும் இருக்கலாம், ஆனா நாள் கடத்தாத. தேவப்பட்டா மயக்கம் குடுத்து ப்ரெஷர் பார்ப்பாங்களாம், பயப்படாத.

திங்கக்கிழமை லீவு போடு. திருப்பூர்லேர்ந்து நீங்க மூணு பேரும் வந்துருங்க, நான் மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்ட்ல காலைலயே நிக்கறேன், தங்கச்சியோட ஃபைல கொண்டாறேன். நீயும் காட்டிக்கணும், குட்டிக்கு மட்டும்னு சொல்லாத. மருமகள யாராவது அது பண்ணின இது பண்ணினன்னு ஒரு வார்த்த சொன்னா என்கிட்ட பேசச் சொல்லு.

அம்மா