கிளவுட்ல இருக்கு சரி, இன்னொரு ஊர்ல காப்பி இருக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி பொறக்குதுன்னா நம்ம பத்திரிகையில மழைக்கால முன்னெச்சரிக்கைன்னு ஒரு பக்கம் வரும், டார்ச் லைட் வாங்கி வையுங்க, பத்திரம் பட்டா எல்லாத்தையும் பிளாஸ்டிக் கவர்ல போட்டு பரண் மேல வையுங்கன்னு. எங்க வீட்டுல அதை வெட்டி ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டிடுவாங்க. காரணம் இருக்கு. 2015 டிசம்பர்ல எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி, பீரோ கீழ்த்தட்டுல இருந்த அப்பாவோட வீட்டுப் பத்திரம் ஊறி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு, பிரிச்சா கிழியுது. அதுக்கப்புறம் எங்க வீட்டு முக்கியமான பேப்பர் எல்லாத்துக்கும் ஒரு ஜெராக்ஸ் செட்டு திருச்சியில அக்கா வீட்டு அலமாரியில இருக்கு. நான் எழுத வந்தது அந்த மாதிரி இன்னொரு செட்டு பத்திதான், ஆனா பேப்பருக்கு இல்ல, கம்ப்யூட்டர்ல இருக்குற டேட்டாவுக்கு.

நான் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில சர்வர் பார்த்துக்குற வேலையில இருக்கேன். எங்க கஸ்டமர் எல்லாம் ஸ்கேன் சென்டர், ரத்தப் பரிசோதனை லேப், சின்ன கிளினிக் இப்படித்தான். அவங்ககிட்ட பேசும்போதெல்லாம் ஒரே வார்த்தைதான் வரும், "கிளவுட்லதானே சார் இருக்கு, அதுக்கு என்ன ஆகப்போகுது". ஆகும் சார். கிளவுட்னு சொல்றதும் ஏதோ ஒரு ஊர்ல இருக்குற கட்டடம்தான், அங்கயும் கரண்ட் போகும், பேட்டரி தீப்பிடிக்கும். 2021 மார்ச் 10 அன்னைக்கு பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பர்க் ஊர்ல ஓவிஹெச் கம்பெனியோட டேட்டா சென்டர் ஒண்ணு முழுசா எரிஞ்சு போச்சு, பக்கத்துக் கட்டடத்துலயும் பாதிப்பு. தனியா காசு கட்டி பேக்கப் வாங்கியிருந்தவங்கள்ல சிலரோட பேக்கப்பும் அதே இடத்துலதான் இருந்திருக்கு. தென்கொரியாவுல 2025 செப்டம்பர் 26, டேஜான் நகரத்துல அரசாங்க டேட்டா சென்டர்ல லித்தியம் பேட்டரியில தீ, 709 அரசு சிஸ்டம் நின்னு போச்சு, அதுல அரசு ஊழியர்கள் ஃபைல் போட்டு வைக்கிற ஜி-டிரைவ்ல இருந்த 858 டெராபைட் அப்படியே போச்சு. அளவு ரொம்பப் பெருசுங்கறதால வெளிய காப்பி எடுத்து வைக்கலைன்னு அரசாங்கமே சொல்லிச்சு. அத்தனை முன்னேறின நாட்டுல வருஷக்கணக்கா சேர்த்து வச்ச வேலை ஒரே ராத்திரியில போனதைப் படிச்சப்ப எனக்கு எங்க ஸ்கேன் சென்டர்காரங்க முகம்தான் ஞாபகம் வந்துச்சு.

பலர் குழப்பிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. கிளவுட் கம்பெனிங்க ஒரு ஊர்ல ஒரே ஒரு கட்டடத்தை மட்டும் வச்சுக்கிட்டு ஓட்டுறதில்ல, மும்பைன்னா மும்பை சுத்துவட்டாரத்துல தனித்தனியா சில இடங்கள் இருக்கும், அதை ஜோன் (zone)னு சொல்றாங்க, எல்லாம் சேர்ந்தது ஒரு ரீஜன். ஒரு கட்டடம் போனா இன்னொண்ணு தாங்கும், நல்ல விஷயம்தான். ஆனா அந்த ரீஜன் மொத்தத்துக்கும் ஒரு கோளாறு வந்தா? 2025 அக்டோபர் 20 அன்னைக்கு அமேசான் கிளவுட்டோட அமெரிக்க வர்ஜீனியா ரீஜன்ல டிஎன்எஸ்ல, அதாவது பேரை வச்சு சர்வர் முகவரி கண்டுபிடிக்கிற அமைப்புல, கோளாறு ஒண்ணு கிளம்பி உலகம் பூரா எத்தனையோ ஆப் மணிக்கணக்கா படுத்துச்சே, அங்க கட்டடம் எல்லாம் நல்லாத்தான் நின்னுச்சு. அதனாலதான் நூத்துக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ரீஜன்ல காப்பி வேணும்ங்கறது. முன்னாடி அமேசான் கிளவுட் வச்சிருந்தவங்களுக்கு மும்பை விட்டா வெளிநாட்டுக்குத்தான் போகணும், 2022 நவம்பர்ல ஹைதராபாத் வந்ததுக்கப்புறம் நாட்டுக்குள்ளயே ரெண்டாவது இடம் கிடைச்சாச்சு. மைக்ரோசாஃப்ட் அசூருக்கு புனே, சென்னை ரெண்டும் ஜோடி, கூகுளுக்கு மும்பை, டெல்லி. இடம் இல்லைங்கற சாக்கு இனிமே யாருக்கும் கிடையாது.

ஆனா அந்த ரெண்டாவது காப்பி தானா போய் உக்காராது, யாராவது ஒருத்தர் செட் பண்ணணும், பண்ணதை முழுசா பண்ணணும். இதுல எங்களுக்கு நடந்ததை மறைக்காம சொல்றேன். ரிப்போர்ட், ஸ்கேன் படம் எல்லாம் மும்பையில ஒரு பக்கெட்ல (கிளவுட்ல ஃபைல் போட்டு வைக்கிற இடத்துக்கு அதான் பேரு) இருந்துச்சு, ஹைதராபாத்ல இன்னொரு பக்கெட் திறந்து, ரெண்டுலயும் ஃபைலோட பழைய பதிப்பையும் வச்சுக்குற வெர்ஷனிங் ஆன் பண்ணி, இங்க வர்றதை அங்கயும் காப்பி பண்ணுன்னு சொல்ற ரெப்ளிகேஷன் ரூல் போட்டோம், ஒரு டெஸ்ட் ஃபைல் போட்டுப் பார்த்தோம், நிமிஷத்துல அந்தப் பக்கம் வந்து நின்னுச்சு, வேலை முடிஞ்சதுன்னு கஸ்டமருக்கு எல்லாம் மெயிலும் அனுப்பியாச்சு. நாலு மாசம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு, மும்பை இல்லவே இல்லைன்னு வச்சுக்கிட்டு ஹைதராபாத்ல இருந்து மட்டும் எல்லாத்தையும் ஓட்டிப் பார்ப்போம்னு உக்காந்தோம். என்கூட வேலை பார்க்குற தம்பி ஒரு நோயாளியோட ஐடி போட்டுத் தேடினான், "அண்ணே, போன மாசம் எடுத்தது வருது, அவங்க போன வருஷம் எடுத்த எக்கோ ரிப்போர்ட் வரலண்ணே"ன்னான். இன்னொரு ஐடி, அதுவும் அப்படியே. ரூல் போட்ட நாளுக்கு முன்னாடி இருந்த ஒரு ஃபைல்கூட அந்தப் பக்கம் போகவே இல்ல. ரெப்ளிகேஷன் ரூல் அன்னையில இருந்து வர்ற புது ஃபைலைத்தான் எடுத்துட்டுப் போகும், பழசை மொத்தமா அனுப்ப பேட்ச் ரெப்ளிகேஷன்னு தனியா ஒண்ணு ஓட்டணும், இது டாக்குமென்டேஷன்ல தெளிவாவே எழுதியிருக்கு, நாங்கதான் படிக்கல. அதோட முடியல, தனி கீ (சாவி) போட்டு என்க்ரிப்ட் பண்ணின, அதாவது பூட்டி வச்ச ஃபைல் எதுவும் போகல, ஏன்னா அதையும் அனுப்புன்னு தனியா சொல்லி, ஹைதராபாத்ல எந்த கீயால பூட்டணும்னு காட்டணும். சாஃப்ட்வேரோட பாஸ்வேர்டு எல்லாம் வச்சிருந்த இடம் எது? மும்பை. சாஃப்ட்வேரை அப்படியே எழுப்பி ஓட்டுறதுக்கு வச்சிருக்கற அப்ளிகேஷன் இமேஜ்? அதுவும் மும்பை. டேட்டா ஒரு ஊர்ல, அதைத் திறக்குற சாவி எரிஞ்சு போன இன்னொரு ஊர்லன்னா அந்தக் காப்பி இருந்து என்ன பிரயோஜனம். அன்னைக்கு காலையில சாப்பிடவே தோணல எனக்கு. நாலு மாசமா அத்தனை பேருக்கும் பத்திரமா இருக்குன்னு சொல்லிட்டு இருந்திருக்கோமே.

டேட்டாபேஸ் விஷயத்துல இன்னொண்ணு. மும்பைக்கும் ஹைதராபாத்துக்கும் நேர்கோட்டுல சுமார் 620 கிலோமீட்டர், ஃபைபர்ல வெளிச்சம் போற வேகத்துக்கு போயிட்டு வரவே 6 மில்லிசெகண்டுக்கு மேல ஆகும், நிஜத்துல கேபிள் சுத்திப் போறதால இன்னும் கூட. ஒவ்வொரு தடவை எழுதும்போதும் அந்தப் பக்கம் வந்துடுச்சான்னு காத்திருந்தா பில் போடுற கவுன்டர்ல நத்தை மாதிரிதான் நகரும். அதனால பெரும்பாலும் முதல்ல இங்க எழுதிட்டு பின்னாடியே அங்க அனுப்புற முறைதான், கொஞ்சம் லேக் (தாமதம்) இருக்கும், அந்த நேரத்துல மும்பை படுத்தா கடைசி சில செகண்டு டேட்டா போகும். எவ்வளவு போனா தாங்குவோம், எவ்வளவு நேரம் மூடிக்கிடந்தா தாங்குவோம், இந்த ரெண்டையும் முடிவு பண்ண வேண்டியது சர்வர்காரன் இல்ல, அந்த சென்டர் நடத்துறவங்க. அஞ்சு நிமிஷத்துல திரும்ப ஓடணும்னா ரெண்டு ஊர்லயும் சர்வர் ஓடிக்கிட்டே இருக்கணும், செலவு கிட்டத்தட்ட ரெட்டிப்பு. ரெண்டு மணி நேரம் பொறுத்துக்கலாம்னா டேட்டாபேஸை மட்டும் அங்க ஓட விட்டு மத்ததை அணைச்சு வச்சுக்கலாம், செலவு வெகுவா குறையும். எங்க கஸ்டமர்ல நிறைய பேருக்கு ரெண்டாவதே போதும்.

இதைப் படிச்சுட்டு ரெப்ளிகேஷன் போட்டாச்சு, பேக்கப் எதுக்குன்னு யாரும் நினைச்சுடக் கூடாது. இங்க ஒரு டேபிளைத் தப்பா அழிச்சா அடுத்த செகண்டு அங்கயும் அழிஞ்சுடும், ரெப்ளிகாங்கற அந்தக் காப்பிக்கு சரி தப்பு தெரியாது. புரோகிராம் கோடு சேமிச்சு வைக்கிற தளம் நடத்துற கிட்லேப் கம்பெனியில 2017 ஜனவரி 31 ராத்திரி ரெப்ளிகேஷன் பிரச்சினையைச் சரி பண்ணிட்டு இருந்த எஞ்சினியர் ரெண்டாவது சர்வர்னு நினைச்சு மெயின் சர்வர்ல டேட்டாவை அழிச்சுட்டார், சுமார் 300 ஜிபியில நிறுத்துறதுக்குள்ள மிச்சம் 4.5 ஜிபி. அஞ்சு விதமா காப்பி எடுக்க ஏற்பாடு வச்சிருந்தாங்க, அவசரத்துக்கு ஒண்ணும் ஒழுங்கா கைகொடுக்கல, ஆறு மணி நேரம் முன்னாடி வேற வேலைக்காக எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான், அதாவது அந்த நேரத்து டேட்டாவோட காப்பிதான் காப்பாத்துச்சு. அதை அவங்க ஒளிக்காம வெளியில எழுதினாங்க, அந்த நேர்மைக்கு நான் இன்னைக்கும் நன்றி சொல்லுவேன், எங்களை மாதிரி எத்தனையோ பேர் அதைப் படிச்சு கத்துக்கிட்டோம்.

நம்ம ஊர்ல பங்குச் சந்தைக்கு அதைக் கண்காணிக்கிற செபி இதை விதியாவே வச்சிருக்கு, மாற்று இடம் வேற நிலநடுக்க மண்டலத்துல இருக்கணும், முடியலைன்னா குறைஞ்சது 500 கிலோமீட்டர் தள்ளி. 2024 மார்ச் 2 சனிக்கிழமையில ஏன் மார்க்கெட் திறந்துச்சுன்னு பலர் கேட்டாங்க, அந்த மாற்று இடத்துல இருந்து நிஜமாவே வியாபாரத்தை ஓட்டிப் பார்க்கத்தான். தெருமுனை லேபுக்கு அப்படி யாரும் வந்து கேட்க மாட்டாங்க. அங்க ரிப்போர்ட் வச்சிருக்கற சர்க்கரை நோயாளிதான் கேட்கணும், லேப்காரங்க சாஃப்ட்வேர் கொடுத்தவங்களைக் கேட்கணும், காப்பி எந்த ஊர்ல இருக்கு, அதைக் கடைசியா என்னைக்குத் திறந்து ஓட்டிப் பார்த்தீங்கன்னு. தேதி சொல்லத் தெரியலைன்னா ஓட்டிப் பார்க்கலைன்னுதான் அர்த்தம். ஸ்கூல், கூட்டுறவு சங்கம், சீட்டுக் கம்பெனி எல்லாத்துக்கும் இதே கேள்விதான்.

இந்த வருஷ மழைக்காலப் பக்கத்துல டார்ச் லைட், பிளாஸ்டிக் கவரோட சேர்த்து இந்த ஒரு கேள்வியையும் ரெண்டு வரி போட்டீங்கன்னா ரொம்ப உதவியா இருக்கும். நாங்க இப்ப மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஓட்டிப் பார்க்குறோம். அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடி இருக்கு, இந்தத் தடவை தம்பிதான் முழுசா செய்யப் போறான், எழுதி வச்சிருக்கற குறிப்பை மட்டும் வச்சு, என்னை ஒரு வார்த்தை கேட்காம.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
குரோம்பேட்டை, சென்னை