வினைமுற்றையும் பார்

அன்புள்ள செல்விக்கு,

மாவட்டப் பக்கங்களின் பொறுப்பு உன் கைக்கு வந்ததில் சந்தோஷம். இனி இரவுத் தூக்கம் போச்சு என்று வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. திருநங்கைகள் பற்றிய செய்திகளைத் திருத்தும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று நீ கேட்டதற்கு வருகிறேன்.

செய்தியாளர்கள் எல்லோரும் 'திருநங்கை' என்றே எழுதுகிறார்கள், அதனால் சிக்கல் இல்லை என்கிறாய். பெயர்ச்சொல்லில் இல்லைதான். கொஞ்சம் இறங்கி வினைமுற்றைப் பார். 'திருநங்கை ஒருவர் புகார் கொடுத்தார்' என்று தொடங்கும் செய்தி, மூன்றாம் பத்தியில் 'ஆட்டோவில் ஏறியுள்ளான்' என்று போகும். காவல் நிலையக் குறிப்பிலிருந்து அப்படியே இறங்கிய வரி அது. 'வந்தது, போனது' என்றுகூட வரும். ஆளையே அஃறிணையாக்குகிற வேலை. தொடக்கம் முதல் கடைசிவரை 'அவர்', 'ஆர்' விகுதி. உறவினர் பேட்டியில் 'என் பையன், அவன்' என்று சொன்னால் மேற்கோளுக்குள் கைவைக்காதே. அதற்குப் பதில் அயற்கூற்றாக்கி, உன் வரியில் 'அவர்' போடு.

அடுத்தது பெயர். முதல் தகவல் அறிக்கையிலும் ஆதாரிலும் பழைய பெயரே இருக்கலாம். அதைப் போட்டு 'என்கிற' சேர்த்து இன்றைய பெயரை எழுதுவது நம் தொழிலின் பழைய வியாதி. அவர் புழங்கும் பெயர் ஒன்றே போதும். தெரியாவிட்டால் அவருடைய தோழிகளிடம் கேட்கச் சொல். அதற்கும் வழியில்லை என்றால் பெயரே வேண்டாம்.

'ஆணாகப் பிறந்து பெண்ணாக மாறியவர்' என்ற வரி வந்தால் அடித்துவிடு. பெரும்பாலும் அந்தத் தகவலே தேவைப்படாது. தேவைப்பட்டால் 'பிறந்தபோது ஆண் எனப் பதிவானவர்' என்று எழுதலாம். 'சிறுவனாக இருந்தபோது' என்பதற்கு 'சிறுவயதில்' போதும். அறுவை சிகிச்சை ஆயிற்றா என்ற கேள்வியைச் செய்தியாளர் கேட்கவே கூடாது. பாலின அடையாளத்தை ஏற்க அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 தீர்ப்பிலேயே சொல்லிவிட்டது.

'அரவாணி' கூவாகத்தையும் அரவான் வழிபாட்டையும் ஒட்டிய பெயர். தன்னை அப்படிச் சொல்லிக்கொள்பவருக்குப் போடலாம், எல்லோருக்கும் ஒட்டாதே. 'மூன்றாம் பாலினம்' என்பதும் அப்படித்தான். தன்னைப் பெண் என்கிறவரை அந்தக் கட்டத்துக்குள் தள்ளாதே. பிறந்தபோது பெண் எனப் பதிவான திருநம்பிகளையும் சேர்த்துத் 'திருநங்கைகள்' என்று எழுதுவது இன்னொரு பிழை. அவர்கள் ஆண்கள். குரு, சேலா (குருவின் சீடர்), ஜமாத் (திருநங்கைகளின் சமூகக் குழு) போன்ற சொற்களை மாற்றாமல் விடு. 'கும்பல் தலைவி' என்று எவராவது எழுதியிருந்தால் கூப்பிட்டுப் பேசு.

தலைப்புதான் எனக்கு அதிக எரிச்சல். 'திருநங்கை உட்பட மூவர் கைது'. 'ஆண் உட்பட மூவர் கைது' என்று எப்போதாவது போட்டிருக்கிறோமா? குற்றத்துக்கும் அடையாளத்துக்கும் தொடர்பில்லை என்றால் தலைப்பில் மட்டுமல்ல, செய்தியிலும் வேண்டாம். திருநங்கையான பிரித்திகா யாஷினி 2017இல் காவல் உதவி ஆய்வாளராகப் பொறுப்பேற்றபோது அடையாளமே செய்தி. ஆனால் அவர் நாளை ஒரு திருடனைப் பிடித்தால் அவருடைய பதவிப் பெயர் மட்டும் போதும்.

சென்னை உயர் நீதிமன்றத்தில், பாதுகாப்பு கேட்டு ஒரு தன்பாலின இணையர் தொடுத்த சுஷ்மா வழக்கைத் தொடர்ந்து, பாலின, பாலீர்ப்புச் சிறுபான்மையினரைக் குறிக்கும் சொற்களின் பட்டியலை 2022 ஆகஸ்டில் தமிழக அரசு அரசிதழில் வெளியிட்டது. பிழைதிருத்துநர் மேசையில் ஒரு படி ஒட்டிவை. எவர் வாதம் செய்தாலும் அதைக் காட்டலாம்.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாயா? விடுப்பு கிடைத்தால் முன்கூட்டியே எழுது.

அன்புடன்,
மாலதி