கருவின் குருதிக்கலன்கள்: பராமரிப்பு கருவுறுமுன்னரே தொடங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வயிற்றிலுள்ள சிசுவின் உடலில் தாயின் இரத்தமே ஓடுகிறது என்றும், முதலில் இதயம் உண்டாகி அதிலிருந்தே குருதிக்கலன்கள் கிளைவிட்டு உடலெங்கும் பரவுகின்றன என்றும் தங்கள் பத்திரிகையின் சுகாதாரப் பகுதியில் அண்மையில் வெளியான கட்டுரையொன்று குறிப்பிட்டிருந்தது. அட்டன் பகுதிப் பாடசாலையொன்றில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிப்பவன் என்ற முறையில், இவ்விரு கருத்துகளும் சரியல்ல என்பதைத் தெரிவிக்க விரும்புகிறேன். தேயிலைத் தோட்ட லயங்களிலும் (தொழிலாளர் குடியிருப்புகளிலும்) கிளினிக் வாசல்களிலும் பலர் நம்பிவரும் கருத்துகள் இவை. நம் பெண்களின் கர்ப்பகாலப் பராமரிப்பு எப்போது தொடங்க வேண்டும் என்ற கேள்வியோடு இவை தொடர்புபட்டிருப்பதாலேயே சற்று விரிவாக எழுதுகிறேன்.

கருக்கட்டி முதல் இரண்டு வாரங்களில் முளையத்துக்கு, அதாவது ஆரம்ப நிலைக் கருவுக்கு, குருதிக்கலன் என்று எதுவுமில்லை. சுற்றுப்புறத்திலிருந்து பரவல் மூலம் வந்து சேரும் ஒட்சிசனும் போசணையும் அந்தச் சிறிய உடலுக்குப் போதும். ஆயினும் பரவல் ஒரு மில்லிமீற்றரிலும் மிகக் குறைந்த தூரத்துக்கே உதவும். முளையம் தடிக்கத் தொடங்கியதும் அது போதாமற் போகிறது. மூன்றாம் வாரத்தில், முளையத்துக்கு வெளியே, அதனோடு இணைந்துள்ள மஞ்சட்கருப் பையின் சுவரிலுள்ள இடைத்தோற்படை எனும் நடுப்படையின் கலங்கள் (செல்கள்) சிறு சிறு திட்டுகளாகத் திரள்கின்றன. குருதித் தீவுகள் எனப்படும் இத்திட்டுகளின் ஓரத்திலுள்ள கலங்கள் தட்டையாகிக் கலனின் உட்சுவராகின்றன. நடுவில் அகப்பட்டவை முதற் குருதிக் கலங்களாகின்றன. கலனும் அதற்குள் ஓடவேண்டிய குருதியும் ஒரே திட்டிலிருந்து பிறப்பதை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் மாணவர்கள் வியப்பதைக் கண்டிருக்கிறேன். அந்த வியப்பு எனக்கும் இன்னும் தீரவில்லை. அடுத்த ஓரிரு நாட்களில் முளையத்தின் உடலுக்குள்ளும் ஆங்காங்கே கலன்கள் தாமாகவே தோன்றுகின்றன. மலைச்சரிவில் வெவ்வேறு இடங்களில் ஊறும் ஊற்றுகள் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்து ஆறாவதைப் போல, இத்துண்டுக் குழாய்கள் இணைந்தே முதல் வலையமைப்பு உருவாகிறது. இதயமும் ஆரம்பத்தில் இரு குழாய்கள் ஒன்றிணைந்த ஒரு குழாய்தான். அது ஏறத்தாழ 22 அல்லது 23ஆம் நாளில் துடிக்கத் தொடங்குகிறது. ஆகவே இதயத்திலிருந்து கலன்கள் முளைத்தன என்பதைவிட, கலன்கள் உருவாகிக்கொண்டிருக்கும்போதே இதயமும் அவற்றோடு வந்து இணைந்தது என்பதே பொருந்தும்.

கிளைவிடுதல் இதற்குப் பின்னரே முக்கியத்துவம் பெறுகிறது. ஒட்சிசன் குறைந்த இழையங்கள் ஒரு புரதத்தைச் சுரந்து அருகிலுள்ள கலன்களைத் தம்பால் அழைக்கின்றன. இப்புரதத்துக்கான மரபணுப் பிரதிகள் இரண்டில் ஒன்றை மட்டும் இழந்த எலி முளையங்கள்கூடக் கருப்பையிலேயே இறந்துவிடுவதை 1996இல் வெளியான ஆய்வுகள் காட்டின. இருந்தால் போதாது, உரிய அளவில் இருக்க வேண்டும் என்பதே இதன் பொருள். ஒட்சிசன் குறைவைக் கலங்கள் எவ்வாறு உணர்கின்றன என்பதைக் கண்டறிந்தமைக்காகவே 2019ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கேலின், ராட்கிளிஃப், செமென்ஸா ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது.

உருவான கலன்கள் எல்லாம் நிலைப்பதுமில்லை. கழுத்துப் பகுதியில் சோடிசோடியாகத் தோன்றும் நாடி வில்களில் (வில்போல் வளைந்த நாடிகளில்) சில மறைந்துவிட, மூன்றாவது சோடி தலைக்குச் செல்லும் நாடிகளுக்கும், நான்காவதன் இடப்பக்கம் பெருநாடி வில்லுக்கும், ஆறாவது சோடி நுரையீரல் நாடிகளுக்கும் பங்களிக்கின்றன. ஆறாவதன் இடப்பக்கத்திலிருந்து வரும் ஒரு குறுங்கலன், நுரையீரல் இன்னும் இயங்காத காலத்தில் குருதியை நேரே பெருநாடிக்கு அனுப்பி, பிறந்த பின் சில நாட்களில் தானாக மூடிக்கொள்கிறது.

தாயின் குருதியோ சூல்வித்தகத்தில் (நச்சுக்கொடியில்) சிசுவின் கலன்களைச் சூழ்ந்து செல்கிறதே தவிர, அவற்றுள் கலந்து ஓடுவதில்லை. சிசுவின் குருதி வகை தாயினதிலிருந்து வேறுபட்டிருக்க முடிவதும் இதனாலேயே. இதைக் கொண்டு சிசு முற்றிலும் பாதுகாப்பாக இருக்கிறது என்று எண்ணிவிடவும் கூடாது. ஒட்சிசனும் குளுக்கோசும் கடந்து செல்வதைப் போலவே மதுசாரமும், புகையிலையிலுள்ள நிக்கொட்டினும், சில வைரசுகளும் கடந்து செல்கின்றன. வெற்றிலையோடு புகையிலையும் சேர்த்து மெல்லும் நம் சகோதரிகளுக்கு இதனைப் பரிவோடும் திரும்பத் திரும்பவும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இவை அனைத்தும் நடக்கும் காலத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறேன். இதயம் துடிக்கத் தொடங்கும்போது தாய்க்கு மாதவிடாய் தவறி ஏறத்தாழ ஒரு வாரமே ஆகியிருக்கும். களைப்பு என்றோ குளிர் என்றோ எண்ணிக் கொழுந்துக்குச் சென்றுகொண்டிருப்பார். பதிவு செய்து மருத்துவிச்சியைச் சந்திக்கும்போது பெருங்கலன்களின் அடிப்படை அமைப்பில் பெரும்பகுதி உருவாகியிருக்கும். கட்டுப்பாடற்ற நீரிழிவுள்ள தாய்மாரின் பிள்ளைகளிடம் இதயத்திலும் பெருங்கலன்களிலும் பிறவிக் குறைபாடுகள் கூடுதலாகக் காணப்படுவது இந்த ஆரம்ப வாரங்களின் விளைவே. ருபெல்லா எனப்படும் ஜேர்மன் சின்னமுத்து கர்ப்பத்தின் தொடக்கத்தில் தொற்றினால், மேற்சொன்ன குறுங்கலன் பிறந்த பின்னும் மூடாமலிருக்கவும் நுரையீரல் நாடி ஒடுங்கவும் கூடும். தடுப்பூசியின் பயனாக 2020இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை ருபெல்லா ஒழிக்கப்பட்ட நாடாக அறிவித்தது நமக்குப் பெருமையே. ஆனால் அந்த ஊசியைக் கர்ப்பமாகுமுன்னரே போட்டிருக்க வேண்டும், கர்ப்பகாலத்தில் போடுவதில்லை. போலிக் அமிலம் முக்கியமாகக் காப்பது முள்ளந்தண்டு வடமும் மூளையும் உருவாகும் நரம்புக் குழாயை. அதுவும் நான்காம் வார முடிவுக்குள் மூடிவிடுவதால், அந்த மாத்திரையும் முன்கூட்டியே தொடங்கப்பட வேண்டும்.

புதுமணத் தம்பதியருக்கான ஆலோசனையும் பரிசோதனையும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் ஊடாக நாட்டில் ஏற்கனவே வழங்கப்படுகின்றன. தோட்டப் பெண்ணொருவர் அதற்காகப் பட்டினம் வரை சென்று வந்தால் அன்றைய வேலை அரைப் பேராகவோ (அரைநாள் கணக்காகவோ) முழுதாகவோ போய்விடுகிறது. கர்ப்பமே இல்லாதபோது கிளினிக் எதற்கு என்று வீட்டாரும் கேட்கிறார்கள். ஆகவே இச்சேவையை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது தோட்ட வைத்திய நிலையங்களிலேயே நடத்துவதற்கும், வேலைநாளில் செல்ல நேர்ந்தால் சம்பளம் வெட்டப்படாதிருப்பதற்கும் சுகாதார அதிகாரிகளும் தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் கூடிப் பேச வேண்டும். கோயில்களில் திருமணப் பதிவு நடக்கும்போதே தம்பதியரிடம் இது பற்றிய துண்டுப்பிரசுரமொன்றைக் கொடுப்பதும் கடினமன்று.

தாங்களும் அக்கட்டுரையின் திருத்தத்தை அதே பகுதியில் வெளியிட்டு உதவ வேண்டும். படத்துடன் வெளியிடுவதாயின், தொப்புள்நாணில் ஒட்சிசன் நிறைந்த குருதியைச் சிசுவுக்குக் கொண்டுவருவது நாளம் என்பதையும், ஒட்சிசன் குறைந்த குருதியைத் திருப்பிக் கொண்டு செல்பவை இரு நாடிகள் என்பதையும் ஓவியருக்குத் தெரிவித்து, நாளத்துக்குச் சிவப்பு நிறமும் நாடிகளுக்கு நீல நிறமும் இடச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியர் ஒருவர்,
அட்டன்.