வேலையை அனுப்புங்கள், அதை அறிந்தவர்களை வெளியே அனுப்பாதீர்கள்

மென்பொருள் நிறுவனங்களை நடத்துவோருக்கு,

வணக்கம். உங்கள் ஒப்பந்தங்களில் 'ஆஃப்ஷோர் டீம்' (வேறு நாட்டிலிருந்து உங்கள் வேலையைச் செய்யும் குழு) என்று வரும் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். வேலை எங்களிடம் வருவதில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். செலவைக் குறைக்க நினைப்பதையும் தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வேலையைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வந்தவர்களை, கேடி (தெரிந்ததைப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து ஒப்படைக்கும் 'நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்') முடிந்த கையோடு வீட்டுக்கு அனுப்புகிறீர்களே, அதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

ஒரு கேடி எப்படி நடக்கிறது என்று நீங்களே உட்கார்ந்து பாருங்கள். சீனியர் ஒருவர் திரையைப் பகிர்ந்து நிரல் வரிகளை (கோட்) மேலும் கீழும் நகர்த்துகிறார். இரவில் மொத்தமாகத் தானே ஓடி முடியும் பேட்ச் ஜாபின் நடுவே இருபது நிமிடம் சும்மா காத்திருக்கச் சொல்லும் ஒரு வரி வருகிறது. "அது அப்படியே இருக்கட்டும், தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போய்விடுகிறார். எதிரில் இருப்பவர்கள் தலையாட்டுகிறார்கள். ஏன் என்று கேட்கத் தோன்றுவதற்கே அந்த சிஸ்டத்தோடு சில மாதங்கள் மல்லுக்கட்டியிருக்க வேண்டும். அப்படிக் கேள்வி எழும் நாளில் பதில் தெரிந்தவர் வேலையில் இல்லை; வீடியோ பதிவு மட்டும் இருக்கிறது. அதோடு, வேலை போகப்போகிறவரையே கூப்பிட்டு, தன் இடத்துக்கு வருபவருக்கு மனம் விட்டுச் சொல்லிக்கொடு என்பது கொடுமை.

2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேபிடல், முக்கால் மணி நேரத்தில் 44 கோடி டாலருக்கு மேல் இழந்தது. 2003-லிருந்து பயன்படாமல் கிடந்த பழைய கோட் நீக்கப்படவில்லை. அதை இயக்கிவந்த ஃப்ளாக்கையே (ஆன், ஆஃப் செய்யும் குறியீடு) புதிய வசதிக்கும் எடுத்துக்கொண்டார்கள். எட்டு சர்வர்களில் ஒன்றில் புதிய கோட் ஏறாமல் போனதால், அங்கே பழையது விழித்துக்கொண்டது. ஆஃப்ஷோரிங்கால் நேர்ந்ததல்ல அது. ஆனாலும், ஒரு ஃப்ளாக்கின் பழைய கதை தெரிந்தவர் ரிவ்யூவில் (கோட் மாற்றங்களைச் சரிபார்க்கும் இடத்தில்) இருப்பது எவ்வளவு பெறும் என்று கணக்குப் போட அந்த ஒரு நாள் போதும்.

பழையவர்கள் மட்டும் இருந்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. புதிதாக வருபவர்கள்தான் "இது இன்னும் எதற்கு?" என்று கேட்கிறார்கள், யாரும் எழுதாமல் விட்ட டெஸ்ட்டுகளை எழுதுகிறார்கள். ஆனால் ஒரே லீடுக்குக் கீழே பத்து ஃப்ரெஷர்களை நிறுத்தினால் அந்தக் கேள்விகளை யாரிடம் கேட்பார்கள்? சொல்லிக்கொடுப்பது பழையவர்களின் நேரத்தைத் தின்னும் என்பதை ஐபிஎம்மின் ஓஎஸ்/360 என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்கும் திட்டத்தை நடத்திய அனுபவத்திலிருந்து ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார். இன்றைக்கும் அந்த நேரத்துக்கு டைம்ஷீட்டில் இடமில்லை.

அடுத்த ஒப்பந்தத்தில் இதைச் சேருங்கள்: வேலை கைமாறிய பிறகும் ஓராண்டுக்குப் பழையவர்கள் முழுச் சம்பளத்தோடு ரிவ்யூவில் இருப்பார்கள். சொல்லிக்கொடுக்கும் மணிநேரம் அவர்களுடைய வேலையாகவே கணக்கில் வரும். இரு பக்கமும் விழித்திருக்கும் நேரத்தில் தினமும் ஒரு மணி நேரம் சேர்ந்து கோட் பார்ப்பார்கள். எங்கள் பில்லிங்கில் கொஞ்சம் குறைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும் என்றாலும் சம்மதம்.

இப்படிக்கு,
கைமாறிய கோடைப் பராமரிக்கும் ஒரு டெவலப்பர்